வயிறு பேசும்போது பாடக்கூடாது

“கொஞ்சம் பாட்டை நிறுத்துங்கம்மா. எனக்குக் கேக்கணும்” என்றேன்.

ஜெபக்குழுப் பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். நான் மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கிரேஸ்பாய் டீச்சரின் வயிற்றில் வலது பக்கம் கீழே வைத்தேன்.

அறையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் மகள் ஜெனிஷா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மணமகனின் அம்மா மேபல் கட்டிலோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டீச்சரின் குடலில் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் கல்யாணம். கேட்காவிட்டால் திருவனந்தபுரம், ஸ்கேன், ஒருவேளை இன்னொரு ஆபரேஷன்.

நான் கண்ணை மூடினேன். எங்கோ தூரத்தில் ஏதோ அசைவது போல இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காதைக் கூர்மையாக்கினேன்.

அந்த நேரம் பார்த்து மேபல் அம்மா திடீரென்று உச்ச ஸ்தாயியில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். ஜெபக்குழு உடனே சேர்ந்துகொண்டது. என் காதில் வயிற்றுச் சத்தமும் போயிற்று, வராந்தாச் சத்தமும் போயிற்று. எனக்கு வந்த கோபத்தை ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டுவதில் காட்டினேன்.

எனக்கு வயிறு பிடிக்கும்

இந்தத் தொடரில் இதுவரை ஊசி, காய்ச்சல், பிரசவ வார்டு என்று எழுதிவிட்டேன். வயிற்றைப் பற்றி எழுதவில்லையே என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் மனித உடம்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நர்சிங் விடுதியில் எல்லோர் கையிலும் முதன்முதலாக ஸ்டெதஸ்கோப் வந்த அன்று, மற்ற பிள்ளைகள் இதயத்தைக் கேட்டார்கள். லப்டப், லப்டப். ஒரே பல்லவி. நான் என் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். உள்ளே ஒரு ஊரே நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஓடுகிறது, யாரோ கதவு திறக்கிறார்கள், எதுவோ உருளுகிறது, பிறகு நீளமாக ஒரு முனகல்.

“இஞ்ச வாங்கட்டி, கேளுங்க” என்று கூப்பிட்டேன். அறைத் தோழி ஒருத்தி கேட்டுவிட்டு, “ஏட்டி, உனக்க வயித்துக்குள்ள வடசேரி பஸ் ஸ்டாண்டே இருக்குட்டி” என்றாள். அன்று சாயங்காலம் வரை பாயை விரித்து வரிசையாகப் படுத்துக்கொண்டு ஒருத்தி வயிற்றை ஒருத்தி கேட்டோம். வார்டன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொன்னவருக்கு வயிறு அடைத்ததே இல்லை போலும்.

வயிற்றைச் சோதிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அது மற்ற இடங்களுக்கான வரிசை இல்லை. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்துக் காதால் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் தட்டுவது. கடைசியில் அழுத்துவது. பழக்கமில்லாதவர்கள் எடுத்த எடுப்பில் கையை வைத்து அமுக்குவார்கள். கை பட்டதும் குடல் அசைந்து, இல்லாத கதையெல்லாம் சொல்லத் தொடங்கிவிடும். அதனால் தொடாமல் கேட்பதுதான் மரியாதை.

தட்டுவதை நான் வீட்டில் விளக்கும்போது சக்கையைத்தான் சொல்வேன். பலாப்பழத்தை எங்கள் பக்கம் சக்கை என்போம். சந்தையில் அதை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே பழுத்ததா பிஞ்சா என்று சொல்வார்கள் அல்லவா, அதேதான். காற்றிருந்தால் ஒரு சத்தம், நீரிருந்தால் ஒரு சத்தம். அழுத்தும்போது மட்டும் கண் வயிற்றில் இருக்கக் கூடாது, முகத்தில் இருக்க வேண்டும். வலியை வாய் சொல்வதற்கு முன்னால் புருவம் சொல்லிவிடும்.

வாயு என்னும் பொது எதிரி

எங்கள் மாவட்டத்தில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான். நெஞ்சு குத்தினால் வாயு. முதுகு பிடித்தால் வாயு. முழங்கால் வலித்தாலும் “அது வாயு கேட்டியா, இறங்கி அங்க நிக்கி” என்பார்கள். ஒருவர் வாயுவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பஸ் வந்து போன பிறகும் பேசிக்கொண்டிருப்பார். சுக்கு, பூண்டு, ஓமம், சோடா என்று ஆளுக்கொரு மருந்தும் கையில் இருக்கும்.

ஆனால் வயிற்றில் ஆபரேஷன் முடிந்தவரிடம் போய், “காத்து போச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். ஆணோ பெண்ணோ, முகம் சுவரைப் பார்க்கத் திரும்பிவிடும். வாயு உள்ளே இருக்கும்வரை ஊருக்கே சொல்வார்கள். வெளியே போன செய்தியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எங்களுக்கோ அந்தச் செய்திதான் வேண்டும். வயிற்றைத் திறந்து மூடினால் குடல் சில நாள் தூங்கிவிடும். அது விழித்துக்கொண்டதற்கு முதல் சாட்சி சத்தம். அடுத்த சாட்சி காற்று. அது போகும்வரை வாய்க்குத் தண்ணீர் தர எங்கள் சர்ஜனுக்கு மனசு வராது. நாற்பது வயது போலீஸ்காரர் ஒருவர் “போச்சு சிஸ்டர்” என்று சொன்னபோது நான் கைதட்டியிருக்கிறேன். அவர் அதன் பிறகு என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் போவார்.

டீச்சர் படுத்த கதை

கிரேஸ்பாய் டீச்சர் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலை, நிமிர்ந்த கழுத்து. பிள்ளைகள் கொட்டாவி விட்டால்கூட வாயைப் பொத்தச் சொல்பவர் என்று எங்கள் வார்டு ஆயா சொன்னார். ஆயா அவரிடம் படித்தவர். டீச்சர் படுத்துக்கிடந்தபோதும் அவருக்குப் பயந்து தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அறைக்குள் போனார்.

டீச்சருக்குக் கணவர் இல்லை. ஜெனிஷா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். கோயிலில், அதாவது சர்ச்சில், மகளைக் கைபிடித்து ஆல்டர் பீடம் வரைக்கும் கூட்டிப் போகப் போவது அம்மாதான். மாப்பிள்ளை கத்தாரில் வேலை. லீவு கொஞ்ச நாள். இந்த லீவு போனால் அடுத்த லீவு எப்போது என்பது அவருடைய கம்பெனிக்குத்தான் வெளிச்சம்.

தொப்புளில் ஒரு வீக்கம் டீச்சருக்கு வருஷக்கணக்கில் இருந்திருக்கிறது. கல்யாணம் முடியட்டும் என்று விட்டிருக்கிறார். கல்யாண அலைச்சலில் அது ஒரு நாள் வெளியே வந்து இறுகிக்கொண்டது. உள்ளே குடல் மாட்டிவிட்டது. வாந்தி நிற்காமல் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்ஜன் உடனே திறந்து குடலைக் காப்பாற்றிவிட்டார். வெட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

அதன் பிறகுதான் காத்திருப்பு. மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ், வாய்க்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாள் போனது. நான்காம் நாள் காலை ரவுண்ட்ஸில் சர்ஜன் வயிற்றைக் கேட்டார். பக்கத்தில் பாட்டு. “ஏதோ கேக்குற மாதிரி இருக்கு, உறுதியா சொல்ல முடியல” என்றார். “காத்து போச்சா டீச்சர்?” என்று கேட்டார். டீச்சர் தலையை மெல்ல இல்லை என்று அசைத்தார்.

“சாயந்திரம் வரைக்கும் பாப்போம். அப்பவும் இல்லன்னா திருவனந்தபுரத்துக்கு அனுப்பிரலாம். உள்ள வேற எங்கயாவது அடைப்பு இருக்கான்னு பாக்கணும்” என்று ஜெனிஷாவை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் வராந்தாவில் நின்று அழுததை மத்தியானம் நான் டியூட்டிக்கு வந்தபோது ஆயா சொன்னார்.

பவுடர் வாசனை

டீச்சரின் அறைக்குள் நுழைந்தபோது மூக்கில் முதலில் பட்டது பவுடர். ஆஸ்பத்திரி வாசனையே இல்லை. மணப்பெண்ணை அலங்கரிக்கும் அறை மாதிரி இருந்தது.

“யாரு இவ்வளவு பவுடர் போட்டது?”

“அம்மைதான் சிஸ்டர்” என்றாள் ஜெனிஷா. “நேத்துல இருந்து பவுடர் போடு, பவுடர் போடுன்னு ஒரே நச்சரிப்பு. ஒரு டப்பா தீந்து, இப்ப ரெண்டாவது வாங்கியாச்சு.”

எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருவது என்றால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதில்லை. வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், மாத்து நைட்டி எல்லாம் வரும். வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாத நோயாளியின் தலைமாட்டில் ஒரு பழக்கடையே இருந்தது. மேபல் அம்மா மார்த்தாண்டத்துக்காரர், பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். ஆபரேஷன் நடந்த மறுநாள் வந்தவர், ராத்திரி உறவுக்காரர் வீட்டில் படுக்கப் போவதைத் தவிர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெபக்குழுவையும் அவர்தான் வரவழைத்திருந்தார். நேற்றிலிருந்து பாட்டு மேல் பாட்டு. குழு ஓய்ந்தாலும் அவர் விடவில்லை.

பாட்டால்தான் என் முதல் முயற்சி கெட்டது என்று மேலே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஜெபக்குழு காப்பி குடிக்கப் போனதும் மறுபடி வந்தேன். “இப்ப யாரும் பாடக்கூடாது” என்று மேபல் அம்மாவைப் பார்த்தே சொன்னேன். அவர் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

முதலில் பார்த்தேன். காலையில் விம்மி நின்றது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த வயிறு இப்போது தளர்ந்திருந்தது. பக்கவாட்டில் தோல் மடிப்பு தெரிந்தது. மூக்குக் குழாயின் பையில் பச்சைநீர் வெகுவாகக் குறைந்திருந்தது.

பிறகு கேட்டேன்.

வலது கீழே வைத்ததும் ஒன்றுமில்லை. காத்திருந்தேன். வயிற்றின் விஷயத்தில் அவசரப்பட்டு இல்லை என்று எழுதக் கூடாது. அப்போது வந்தது பாருங்கள், களகளவென்று ஒன்று. அதைத் துரத்திக்கொண்டு இன்னொன்று. மேலே வைத்தேன், அங்கும். இடது பக்கம் வைத்தேன், அங்கும். விடுதியில் பாயில் படுத்துக் கேட்ட அதே பஸ் ஸ்டாண்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் கேட்டும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

தட்டினேன். காற்று அடைத்த முரசுச் சத்தம் இல்லை. தையலை விட்டுத் தள்ளி, மெல்ல அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. டீச்சரின் புருவம் அசையவில்லை.

“டீச்சர், காத்து போச்சா?”

டீச்சரின் கண் ஒரு கணம் மேபல் அம்மாவின் நாற்காலிக்குப் போய்த் திரும்பியது. “இல்ல சிஸ்டர்” என்றார்.

வயிறு ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது. பவுடர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சம்மந்தியை எழுப்புவது எப்படி

ஆனால் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அதற்கு மேபல் அம்மா வெளியே போக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவை அறையை விட்டுப் போகச் சொல்வது எங்கள் ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை. பேச்சு மார்த்தாண்டம் போய்ச் சேருவதற்குள் அதற்குக் கால் கை முளைத்துவிடும்.

“டிரெஸ்ஸிங் பாக்கணும், எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றேன். ஜெனிஷா போனாள்.

“நான் எதுக்கு மக்கா போணும்?” என்றார் மேபல் அம்மா. “எனக்க சம்மந்தியில்லியா? நாளைக்கு நான் கெடந்தா இவியதானே பாக்கணும்.” சொல்லிவிட்டு டீச்சரின் கையையும் பிடித்துக்கொண்டார். டீச்சர் கூரையைப் பார்த்தார்.

“உங்க முகம் ஒரு மாதிரி இருக்கே. பிரஷர் பாத்து எவ்வளவு நாளாச்சு?”

“அது கெடக்கு மக்கா.”

“கெடக்க விடப்பிடாதும்மா. பொண்ணுக்கு அம்மை ஒரு கட்டில், மாப்பிள்ளைக்கு அம்மை ஒரு கட்டில்னு ஆனா கல்யாணத்துக்கு யாரு நிப்பா? நர்ஸ் ரூம்ல மெஷின் இருக்கு, வாங்க.”

அது வேலை செய்தது. அவரை வேறொரு நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினேன்.

“டீச்சர், இப்ப சொல்லுங்க.”

“கதவு செரியா சாத்தியாச்சா?”

“சாத்தியாச்சு.”

“நேத்து சாயந்திரமே போச்சு மக்களே” என்றார், எனக்கே கேட்காத குரலில். “இன்னைக்குக் காலம்பறயும்.”

“பின்ன டாக்டர் கேட்டப்போ ஏன் இல்லன்னு சொன்னிய?”

“அவிய இருக்கும்போ எப்படிச் சொல்லுவேன்? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, டீசன்டான குடும்பம்னு வாய் நெறையச் சொன்னாவ. அவிய வீட்டுக்குப் போன பொறவு டாக்டர்ட்ட சொல்லிக்கலாம்னு பாத்தேன். ராத்திரி அவிய போனா டாக்டர் இல்ல, டாக்டர் வந்தா அவிய இருக்காவ.”

“திருவனந்தபுரம் போணும்னு சொல்லியாச்சு டீச்சர். அது தெரியுமா?”

டீச்சருக்குத் தெரியாது. பயப்படுவார் என்று ஜெனிஷா மறைத்திருந்தாள். கேட்டதும் டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. “எனக்க பிள்ளைய நான்தானே கூட்டிட்டுப் போணும்” என்றார். பிறகு, “எனக்குப் பசிக்கு” என்றார். கும்பி கூழுக்கு அழுகிறது, கொண்டை பூவுக்கு அழுகிறது என்பார்களே, இங்கே கொண்டையின் மானத்துக்காகக் கும்பி பட்டினி கிடந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு சர்ஜனுக்குப் போன் செய்தேன்.

சர்ஜன் வந்தார். அமைதியான அறையில் நிதானமாகக் கேட்டார். முகம் மலர்ந்தது. “குழாயை எடுத்துரலாம். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க” என்றார். வெளியே வந்து என்னிடம், “வயிறு முதல்ல சொல்லிச்சா, டீச்சர் முதல்ல சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“வயிறுதான் டாக்டர்.”

“நல்ல வயிறு” என்றார்.

வராந்தாவில்

சம்மந்திக்குத் தெரியக் கூடாது என்று டீச்சர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் நர்ஸ் ரூமுக்குப் போனேன். மேபல் அம்மா கையில் இரண்டாம் தடவை கட்டிய பிரஷர் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். பிரஷர் நன்றாகவே இருந்தது.

“டீச்சருக்கு வயிறு வேலை செய்யத் தொடங்கிட்டும்மா. திருவனந்தபுரம் போண்டாம்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அது எனக்கு நேத்தே தெரியும் மக்கா. நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

“தெரிஞ்சுமா சொல்லாம இருந்திய?”

“அவிய டாக்டர்ட்ட இல்லன்னு சொன்ன பொறவு நான் எப்படி ஆமான்னு சொல்லுவேன்? சம்மந்தி பொய் சொல்லுகாவன்னு ஆயிராதா? அதுவும் படிச்ச டீச்சர்.” அவர் பட்டையைத் தானே அவிழ்த்தார். “வெளிய கேட்டா அவியளுக்குச் சங்கடம் ஆகுமேன்னுதான் நான் அப்பப்ப பாட்டை எடுத்து விட்டேன். தொண்டையே போச்சு. டீச்சர்ட்ட சொல்லிராத என்ன.”

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவருக்குச் சொல்ல வெட்கம், இன்னொருவருக்குச் சொல்ல மரியாதை. இந்த இரண்டு நாகரிகத்துக்கும் நடுவில் ஒரு குடலும் ஒரு கல்யாணமும் மாட்டிக்கொண்டிருந்தன.

கோயிலில்

கல்யாணத்துக்கு என்னை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். டீச்சர் இடுப்பில் பெல்ட் கட்டி, அதன் மேல் பட்டுச் சேலை உடுத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தார். கழுத்து நிமிர்ந்தே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆல்டர் வரை கொண்டு விட்டுவிட்டு முன்வரிசையில், எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்தார். மேபல் அம்மா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஐயர், அதாவது சபைப் போதகர், எல்லோரையும் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். கோயில் முழுக்கத் தலை குனிந்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை.

அந்த அமைதியில் களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. காலையில் வெறும் கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு வந்த, ஆரோக்கியமான, பசித்த குடலின் சத்தம். ஸ்டெதஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் கைதட்டத் தோன்றியது. டீச்சரின் பிடரி சிவப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அடுத்த நொடி மேபல் அம்மா உச்ச ஸ்தாயியில் ஒரு கீர்த்தனையை எடுத்தார்.

ஐயர் கண்ணைத் திறந்தார். பாடகர் குழு திகைத்து, வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டது. கோயிலே எழுந்து பாடத் தொடங்கியது.

டீச்சர் மட்டும் பாடவில்லை. மேபல் அம்மாவை மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட அத்தனை பாட்டும் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சம்மந்தியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல் சிரித்தார்.